காலி மனைப் பார்த்தீனியத்தில் கோடு போட்ட வண்டு: மருந்து அடிக்கலாமா, விட்டுவைக்கலாமா?

ஒத்தக்கடைவாசி | அக்டோபர் 14, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குத் தென்புறம் ஒட்டினாற்போல இரண்டு காலி மனைகள் கிடக்கின்றன. புரட்டாசி மழைக்கு இரண்டிலும் பார்த்தீனியம் இடுப்பளவு ஏறிவிட்டது. வருஷா வருஷம் இந்தச் சமயம் பொரி கொட்டினாற்போல வெள்ளையாகப் பூத்து நிற்கும். இந்த முறை மேற்கு மனையில் பாதிச் செடிகள் மொட்டையாக நிற்கின்றன.

கிட்டே போய்ப் பார்த்தேன். இலை இருந்த இடத்தில் நரம்பும் காம்பும்தான் மிச்சம். செடிக்கு ஏழெட்டு வண்டுகள். உளுந்தைவிடக் கொஞ்சம் பெரியது, உருண்டு திரண்டு இருக்கிறது. முதுகு வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை, அதன்மேல் காப்பிக்கொட்டை நிறத்தில் நெளிநெளியாகக் கோடுகள். தலைப்பக்கம் பழுப்பு. கையை நீட்டினால் காலை மடக்கிக்கொண்டு பொத்தென்று கீழே விழுந்துவிடுகிறது.

மனைக்காரர் வரும் ஞாயிறு ஆள் விட்டுக் களைக்கொல்லி அடிக்கப்போவதாகச் சொல்கிறார். எனக்கு இரண்டு கேள்வி. இது என்ன வண்டு? செடி காய்ந்துபோனால் எங்கள் மொட்டைமாடித் தோட்டத்துக்கு ஏறி வந்துவிடுமா? கத்திரி, வெண்டை, அவரை எல்லாம் இப்போதுதான் பிடித்து வருகின்றன.

மேலூர் விவசாயி | அக்டோபர் 14, காலை 9.15

தம்பி, கத்திரி வைத்திருந்தால் கவனமாக இருங்கள். கத்திரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் எபிலாக்னா வண்டும் இதே அளவுதான், இதே மாதிரி உருண்டையாகத்தான் இருக்கும். எங்கள் கொல்லையில் ஒரு முறை வந்து பாத்தியையே முடித்துவிட்டது. வேப்பங்கொட்டைக் கரைசல் இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

யானைமலை நிழல் | அக்டோபர் 14, இரவு 8.50

வேளாண் துறையில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அது எபிலாக்னா இல்லை ஐயா. எபிலாக்னா செம்பழுப்பாக இருக்கும், முதுகில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அது பொறிவண்டுக் குடும்பம். நீங்கள் பார்த்தது இலை வண்டுக் குடும்பம், அதாவது கிரைசோமெலிடே. பெயர் ஜைகோகிராமா பைகலராட்டா. நம் ஊரில் மெக்சிகோ வண்டு என்றும் பார்த்தீனிய வண்டு என்றும் சொல்வோம். நீளம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்.

கையில் லென்ஸ் இருந்தால் பாதத்தைப் பாருங்கள். பொறிவண்டுக்குப் பாதத்தில் மூன்று கணுக்கள்தான் தெரியும், இலை வண்டுக்கு நான்கு தெரியும். நிறத்தை நம்பி ஏமாறுவதைவிட இது நிச்சயமான அடையாளம்.

இது தானாக வந்த பூச்சி இல்லை, நாம் கூப்பிட்டு வந்த பூச்சி. பார்த்தீனியம் 1955-ல் புனேயில் கவனத்துக்கு வந்தது. அமெரிக்கக் கோதுமை மூட்டையோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். வந்த செடி நாடு முழுக்கப் பரவிவிட்டது, ஆனால் அதன் சொந்த மண்ணில் அதைத் தின்னும் பூச்சிகள் கூட வரவில்லை. ஆடு வாய் வைக்காது. மாடு தப்பித்தவறித் தின்றால் பால் கசக்கும். தின்ன ஆளில்லாத செடிக்கு என்ன கவலை?

அதனால் 1983-ல் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் மெக்சிகோவிலிருந்து இந்த வண்டைக் கொண்டுவந்தார்கள். வந்ததும் வெளியே விட்டுவிடவில்லை. பூட்டிய ஆய்வுக்கூடத்தில் வைத்து 40 வகைச் செடிகளைக் கொடுத்து எதைத் தின்கிறது, எதில் முட்டையிடுகிறது என்று பார்த்த பிறகே 1984-ல் வயலில் விட்டார்கள். அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருளைக்கிழங்கை மொட்டையடிக்கும் கொலராடோ வண்டு இதற்கு நெருங்கிய சொந்தம், பார்க்கவும் அதே கோடு போட்ட சாயல். ஒரு வண்டைத் தெரியாமல் விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

உங்கள் கத்திரிக்கும் வெண்டைக்கும் அவரைக்கும் ஒன்றும் ஆகாது. மனைக்காரரிடம் பேசி மருந்தை நிறுத்தப் பாருங்கள்.

அனுப்பானடி அக்கா | அக்டோபர் 15, காலை 6.30

ஐயா எழுதியதை மரியாதையோடு படித்தேன். ஆனால் விட்டுவைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பதினோரு வருஷமாக இந்தச் செடியால் அவதிப்படுகிறேன். ஐப்பசி பிறந்தால் கழுத்து, கண்ணிமை, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துச் சிவந்து நீர் வடியும். தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுப்போட்டுச் சோதித்துவிட்டுப் பார்த்தீனியம்தான் என்று உறுதியாகச் சொன்னார். செடியில் இருக்கும் பார்த்தெனின் என்ற பொருள்தான் காரணமாம். செடியைத் தொடவே வேண்டாம், காய்ந்த தூள் காற்றில் வந்தாலே போதும். ராத்திரி தூக்கம் கிடையாது.

வண்டு மெல்ல மெல்லத் தின்று முடிக்கும்வரை எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? பூ வருவதற்குள் வேரோடு பிடுங்குவதுதான் ஒரே வழி.

ஒத்தக்கடைவாசி | அக்டோபர் 15, காலை 10.05

அக்கா, நீங்கள் சொல்வது நியாயம். எங்கள் தெருவிலும் ஒரு பாட்டிக்கு மூச்சிரைப்பு இருக்கிறது. மனைக்காரரிடம் போனில் பேசினேன். "ஒரு மாசம் தருகிறேன், அதற்குள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பொறுப்பு இப்போது என் தலையில்.

கரிசல் மண் | அக்டோபர் 15, பிற்பகல் 2.20

திருமங்கலம் பக்கம் மானாவாரியில் சூரியகாந்தி போடுகிறோம். இந்த வண்டு சூரியகாந்தியைத் தின்றதென்று பல வருஷத்துக்கு முன் கர்நாடகத்தில் பெரிய பிரச்சினை ஆனதாக என் மாமனார் சொல்வார். அதை யாரும் இங்கே பேசவில்லையே? பார்த்தீனியமும் சூரியகாந்தியும் ஒரே குடும்பம்தானே?

யானைமலை நிழல் | அக்டோபர் 15, இரவு 9.30

நல்ல கேள்வி. நேற்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் மாமனார் சொன்னது உண்மை. 1990-களின் தொடக்கத்தில் கோலார் பக்கம் சூரியகாந்தி வயலில் வண்டு தென்பட்டது, இலையையும் கடித்திருந்தது. மத்திய அரசு உண்மை கண்டறியக் குழு போட்டது. வண்டை மேற்கொண்டு விடுவதும் நிறுத்தப்பட்டது. வயலில் போய்ப் பார்த்ததில், சுற்றிலும் பார்த்தீனியம் நிறைந்த இடங்களில்தான் இது நடந்திருந்தது. பார்த்தீனிய மகரந்தம் காற்றில் வந்து சூரியகாந்தி இலைமேல் படிந்திருக்கிறது. அந்த வாசனைக்கு வண்டு வந்து கடித்திருக்கிறது. வெறும் சூரியகாந்தியை நம்பி அது தலைமுறை தழைக்கவில்லை. பின்னால் தடையும் நீங்கியது.

மருளூமத்தையில் சில சமயம் கடித்திருப்பதைக் காணலாம், அதுவும் அதே குடும்பத்துக் களைதான். ஒரு கடி கூடக் கடிக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வரப்போரம் பார்த்தீனியம் அடர்ந்து, வண்டும் அடர்ந்து, செடி முழுக்கத் தீர்ந்துபோனால் பசியில் பக்கத்து இலையைக் கடித்துப் பார்க்கும். உங்கள் வரப்பில் பார்த்தீனியத்தை அண்டவிடாமல் வைத்திருங்கள், அது போதும்.

கரிசல் மண் | அக்டோபர் 16, காலை 7.00

மகரந்தம்தான் காரணம் என்பது எனக்குப் புதுச் செய்தி ஐயா. மாமனாரிடம் சொல்கிறேன். வரப்பைச் சுத்தம் செய்வது எப்படியும் செய்கிற வேலைதான்.

ஒத்தக்கடைவாசி | அக்டோபர் 27, இரவு 10.10

பத்து நாளாக இதே வேலையாக இருக்கிறேன். பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நான்கு விரல் உயரத்துக்கு மனையின் செம்மண்ணைப் போட்டு, முட்டை இருந்த ஒரு பார்த்தீனியக் கொத்தைச் செருகி, வாயில் மெல்லிய துணி கட்டி வைத்தேன். முட்டை பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில்தான் இருக்கிறது. வெளிர் மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சுக்கு மாறுகிறது. ஒற்றையாகவும் இருக்கிறது, நாலைந்து சேர்ந்தும் இருக்கிறது. மொட்டுக் கொத்தில்கூட இரண்டு பார்த்தேன்.

ஐந்தாம் நாள் பொரிந்தது. வெளியே வந்த புழு மஞ்சளாக, கடுகைவிடச் சிறியதாக இருந்தது. நான் எதிர்பார்த்தபடி இலையில் உட்கார்ந்து தின்னவில்லை. நேராக நுனிக்குருத்துக்குள் நுழைந்துவிட்டது. காணோமே என்று குருத்தை விரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று புழு, தூள்தூளாக எச்சம். பெரிதான பிறகுதான் அகன்ற இலைக்கு வருகிறது. அப்போது நிறமும் வெளுத்து, முதுகு கூன் போட்டாற்போல் ஆகிவிடுகிறது.

எனக்குப் புரிந்தது இதுதான். வளர்ந்த வண்டு இலையைத் தின்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் செடியைப் பூக்கவிடாமல் செய்வது இந்தக் குட்டிப் புழுதான். குருத்து போனால் பூக்கொத்து எங்கிருந்து வரும்? மேற்கு மனையில் குருத்து தின்ற செடிகளில் பத்துக்கு ஒன்றில்கூடப் பூ இல்லை. கிழக்கு மனையில் வண்டு குறைவு, அங்கே எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

உயிரியல் டீச்சர் | அக்டோபர் 28, காலை 8.00

உங்கள் குறிப்பை இன்று எட்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ஆர்வம். எங்கள் பள்ளி நாகமலை அடிவாரத்தில் இருக்கிறது. மைதானத்துக்குப் பின்னால் முழுக்கப் பார்த்தீனியம், ஒரு வண்டுகூட இல்லை. எங்கே வாங்கலாம்?

யானைமலை நிழல் | அக்டோபர் 28, இரவு 9.00

டீச்சர், ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் இந்த வண்டைப் பெருக்கிக் கொடுத்து வருகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரமும் நடத்துகிறார்கள். ஆனால் ஒத்தக்கடையில் வண்டு இருக்கும்போது ஜபல்பூர் எதற்கு? ஒத்தக்கடைவாசியிடம் ஐம்பது அறுபது வண்டு வாங்கி, துளை போட்ட டப்பாவில் இலையோடு வைத்துச் சாயங்காலம் கொண்டுபோய் விடுங்கள். வெயிலில் விடாதீர்கள். பூக்காத, தளதளவென்ற இளஞ்செடி இருக்கும் ஈரமான மூலையாகப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விடுங்கள். பரப்பி விட்டால் ஆணும் பெண்ணும் சந்திப்பதே கஷ்டம்.

பிள்ளைகளுக்குக் கையுறை கட்டாயம். யாருக்காவது தோல் அரிப்போ மூச்சுத்திணறலோ உண்டென்றால் அவர்கள் தூர நின்று எண்ணட்டும்.

உடனே பலன் எதிர்பார்க்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் 1980-ல் விட்டார்கள், 1990 வாக்கில்தான் அங்கே நன்றாகப் பெருகியது. பெங்களூரிலும் முதல் சில வருஷம் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அனுப்பானடி அக்கா | அக்டோபர் 28, இரவு 9.45

பத்து வருஷம் என்கிறீர்கள். கிழக்கு மனை வெள்ளையாகிவிட்டது என்கிறார் தம்பி. ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை போடும் என்று எனக்கு வேளாண் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் சொன்னாள். ஒரு பருவம் பூக்கவிட்டால் எத்தனை வருஷத்துக்கு முளைக்கும்? வண்டு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டுக்காகப் பூத்த செடியை நிற்கவிடுவது சரியில்லை.

ஒத்தக்கடைவாசி | அக்டோபர் 29, காலை 6.50

அக்கா சொன்னதை ராத்திரி முழுக்க யோசித்தேன். சரி, இப்படிச் செய்கிறேன். கிழக்கு மனையில் பூத்ததையெல்லாம் பிடுங்கிவிடுகிறேன். மழை ஈரத்தில் வேரோடு சுலபமாக வருகிறது. மேற்கு மனையில் பூத்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவிட்டு, குருத்து தின்ற மொட்டைச் செடிகளை அப்படியே விடுகிறேன். அவற்றில் விதை வராது, வண்டுக்குச் சாப்பாடும் இருக்கும். பிடுங்கிய செடியை அன்றைக்கே தூக்கிப் போடாமல் மேற்கு மனை ஓரத்தில் ஒரு நாள் கிடத்தி, அதில் ஒட்டியிருக்கும் வண்டும் புழுவும் ஏறிப்போனபின் குழியில் மூடுகிறேன்.

மேலூர் விவசாயி | அக்டோபர் 29, காலை 8.30

இது நல்ல யோசனை தம்பி. எபிலாக்னா என்று நான் சொன்னது தப்பு, ஐயா சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த மழைக்குப் பார்த்தீனியமே முளைக்கும். தகரை விதை தூவுங்கள். எங்கள் கண்மாய்க்கரையில் தகரை அடர்ந்த பக்கம் பார்த்தீனியம் தலைகாட்டுவதில்லை. உப்புக் கரைசல் அடிக்கவும் சொல்வார்கள், லிட்டருக்கு 200 கிராம் உப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும். ஒதுக்குப்புறத்தில் சரி, வீடு கட்டப்போகிற மனையில் அவ்வளவு உப்பை மண்ணில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காது.

ஒத்தக்கடைவாசி | நவம்பர் 16, இரவு 8.20

பாட்டில் கணக்கு முடிந்தது. புழு பன்னிரண்டு நாள் தின்றது. அப்புறம் தீனி நிறுத்திக் கீழே இறங்கி மண்ணுக்குள் புகுந்துவிட்டது. கண்ணாடி ஓரமாக ஒன்று குடைந்ததால் பார்க்க முடிந்தது. சின்ன அறை மாதிரி ஒரு குழி, அதற்குள் வெளிர் மஞ்சள் கூட்டுப்புழு. பத்தாம் நாள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வண்டு மேலே வந்தது. முட்டையிலிருந்து வண்டுவரை 27 நாள். முதல் நாள் கோடுகள் மங்கலாக இருந்தன, பிறகு கறுத்தன.

இன்னொன்று. மனையில் ஒரு நாவாய்ப்பூச்சி இந்தப் புழுவைக் கூர்வாயால் குத்தித் தூக்கிக்கொண்டு நின்றது. மெக்சிகோவிலிருந்து வந்த புழுவைத் தின்ன நம் ஊர்ப் பூச்சி பழகிவிட்டது. முப்பது நாற்பது வருஷத்தில் அதுவும் இங்கத்து உணவுச் சங்கிலிக்குள் வந்துவிட்டது என்று நினைக்கையில் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சருக்கு 64 வண்டு கொடுத்தாயிற்று.

ஒத்தக்கடைவாசி | ஜனவரி 30, மாலை 6.00

மழை நின்று பனியும் வெயிலும் மாறிவிட்டது. மனையில் ஒரு வண்டுகூட இல்லை. பார்த்தீனியம் காய்ந்த குச்சியாக நிற்கிறது. எல்லாம் செத்துவிட்டதா?

யானைமலை நிழல் | ஜனவரி 30, இரவு 9.10

சாகவில்லை. மேற்கு மனையில் செடி அடியில் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை மெதுவாகக் கிளறிப் பாருங்கள்.

ஒத்தக்கடைவாசி | ஜனவரி 31, காலை 7.30

கிளறினேன். மூன்று இடத்தில் ஒன்றுமில்லை. நான்காவது இடத்தில், ஒரு விரல் ஆழத்துக்குக் கொஞ்சம் கீழே இரண்டு வண்டு. கால்களை மடக்கி, கல் மாதிரி அசையாமல் இருந்தன. உள்ளங்கையில் வைத்து ஊதினேன். வெகுநேரம் கழித்து ஒன்று உணர்கொம்பை அசைத்தது. உடனே அதே குழியில் வைத்து மூடிவிட்டேன்.

யானைமலை நிழல் | ஜனவரி 31, இரவு 8.40

இதுதான் உறக்கநிலை. தின்ன இலை இல்லாத காலத்தை மண்ணுக்குள் ஆறு மாதம்வரை கழித்துவிட்டு, மழை ஈரம் இறங்கியதும் எழுந்து வரும். பெங்களூரில் வைகாசி, ஆனி மழைக்கே வெளியே வந்துவிடும். நம் ஊரில் பெருமழை ஐப்பசி, கார்த்திகைக்குத்தான், ஆனால் ஆடி, ஆவணியில் இடி மழை உண்டு. அதற்கு முளைக்கும் பார்த்தீனியம் ஒரு மாதத்தில் பூத்துவிடும். வண்டு அந்த முதல் மழைக்கே எழுந்தால்தான் முந்தும், தாமதமானால் செடி முந்திவிடும்.

அதனால்தான் கோடையில் மண்ணைப் புரட்டக் கூடாது என்று கெஞ்சுகிறேன். களைக்கொல்லி அடிக்கும்போது எல்லோருக்கும் பூச்சி ஞாபகம் வருகிறது. மண்வெட்டி போடும்போது யாருக்கும் வருவதில்லை.

ஒத்தக்கடைவாசி | மே 9, இரவு 9.55

வருத்தமான செய்தி. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்த நான்கு நாளில் கிழக்கு மனைக்கு ஜேசிபி வந்து மேல்மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வழித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மேற்கு மனையிலும் ஒரு ஓரம் போய்விட்டது. நான் ஓடிப்போய் மனைக்காரரிடம் பேசி மிச்சத்தை நிறுத்தினேன். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு நான் மண்ணைப் பற்றிச் சொல்லவே இல்லை, செடியைப் பற்றித்தான் சொல்லியிருந்தேன்.

அனுப்பானடி அக்கா | மே 10, காலை 6.15

தம்பி, மனசு விடாதீர்கள். மேற்கு மனை பெரும்பாலும் இருக்கிறதே. மழை வரட்டும்.

உயிரியல் டீச்சர் | ஆகஸ்ட் 19, மாலை 4.30

சனிக்கிழமை இரவு பெய்த மழைக்குப் பிறகு பள்ளிக்குப் பின்னால் பிள்ளைகள் தேடினார்கள். ஐந்து வண்டு. நாங்கள் விட்ட அதே மூலையில், ஆறடி சுற்றளவுக்குள். ஒரு பெண் பிள்ளை கத்திய கத்தலில் தலைமையாசிரியரே எழுந்து வந்துவிட்டார்.

ஒத்தக்கடைவாசி | ஆகஸ்ட் 21, காலை 7.10

டீச்சர், ஐந்து என்றாலும் பெரிய விஷயம்.

இங்கே நிலவரம்: மேற்கு மனையில் மழைக்கு மூன்றாம் நாள் வண்டு வெளியே வந்தது. இன்று காலை எண்ணியதில் 38. பார்த்தீனியம் இன்னும் நான்கு இலை நாற்றாகத்தான் இருக்கிறது, அதற்குள் இரண்டு செடியில் முட்டை வைத்துவிட்டது. மேல்மண் போன கிழக்கு மனையில் லாரிக்காரர்கள் கொட்டிய புது மண்ணிலிருந்து பார்த்தீனியம் பாய் விரித்தாற்போல முளைத்திருக்கிறது, வண்டு ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பத்து வண்டு எடுத்துக் கிழக்கு மனையில் விடப்போகிறேன். மேலூர் அண்ணன் கொடுத்த தகரை விதை அரைக்கிலோ இருக்கிறது, வண்டு விடாத பக்கமாக அதைத் தூவிவிடுகிறேன். அக்கா, பூ வைக்கிற செடியை வாரத்துக்கு ஒரு முறை நானே பிடுங்கிவிடுவேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் முன்கூட்டியே போன் செய்யுங்கள், அன்றைக்குப் பிடுங்காமல் இருக்கிறேன்.